நிதானத்தார் வீட்டுக் கல்யாண டிவிடி

தேரிமங்கலம் மெயின் பஜாரில் கனி வீடியோஸ் கடையின் கம்ப்யூட்டரில், கருப்பட்டி மண்டி ஆதிலிங்கம் வீட்டுக் கல்யாண டிவிடியைக் காப்பி எடுப்பதற்காகப் போட்ட காலையில், டிவிடி ரைட்டர் அதை மனமில்லாமல் வாசிக்கத் தொடங்கியது. அதே காலையில் இரண்டு தெரு தள்ளித் தன் வீட்டு வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த ஆதிலிங்கம், வாயில் ஊற்றிய தண்ணீரைக் கொப்பளித்துத் துப்பி முடிப்பதற்குள் மத்தியானச் சங்கு ஊதிவிட்டது. அவர் மனைவி அதைக் கவனிக்கவில்லை, ஏனென்றால் அவள் அடுப்படியிலிருந்து வாசலுக்குக் காபி டம்ளரைக் கொண்டுவந்துகொண்டிருந்தாள், கிளம்பும்போது ஆவி பறந்த காபி வாசலுக்கு வரும்போது ஆடை கட்டி, ஆடைமேல் ஓர் ஈயும் செத்துக் கிடந்தது.

அவர்கள் இரண்டு பேர் மட்டுமில்லை. அந்தக் கல்யாணத்தின் மாப்பிள்ளை அழைப்பு ஊர்வலத்தில் வந்தவர்கள் எத்தனை பேரோ அத்தனை பேரும், பூ ஜோடித்த காரில் உட்கார்ந்து வந்த ஆதிலிங்கத்தின் மகன் மாப்பிள்ளை கண்ணபிரான், அவனுடைய தாய்மாமன்மார், சித்தப்பன்மார், தட்டு ஏந்தி வந்த பெண்கள், வெடிச்சரத்துக்குத் திரி கிள்ளியவர்கள், வேட்டியை மடித்துக்கட்டி ஆடியவர்கள், எல்லோரும் அன்றிலிருந்து மெதுவாகிப் போனார்கள். பேண்டு செட்டுக்காரர்கள் வெளியூர் என்பதால் அவர்கள் கதி சரியாகத் தெரியவில்லை; எந்தப் பாட்டை எடுத்தாலும் ஒப்பாரியாகவே வருகிறதென்று கல்யாணங்களை விட்டுவிட்டுச் சாவு வீடுகளுக்கு மட்டும் வாசிக்கப் போனதாகக் கேள்வி.

கடைக்காரி பெயர் சுயம்புகனி. அவளும் அவள் புருஷன் பட்டுராஜும் சேர்ந்து நடத்திய கடை அது, கேமரா அவனுக்கு, கம்ப்யூட்டர் அவளுக்கு. ஆதிலிங்கம் வீட்டுக் கல்யாணத்துக்கும் அவர்கள்தான் வீடியோ. ஆனால் மாப்பிள்ளை அழைப்பு அன்று பட்டுராஜுக்குக் காலையிலிருந்தே நெஞ்சு ஒருமாதிரி அடைத்தது, உடன்குடியிலிருந்து வேறொரு கேமராமேனை வரவழைத்து அனுப்பிவிட்டுக் கடையிலேயே படுத்துக்கிடந்தான். பொழுது சாயும்போது மூச்சு வாங்க ஆரம்பித்தது, சுயம்புகனி அவனை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு திருச்செந்தூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள், தேரிமங்கலத்திலிருந்து வெளியே போக இருக்கிற ஒரே ரோட்டை அடைத்துக்கொண்டு ஊர்வலம் நின்றுகொண்டிருந்தது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை காரை நோயாளி வண்டி முந்தக் கூடாது. யார் கொண்டுவந்த வழக்கமென்று கேட்டால் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் மீறினால் மாத்திரம் எல்லோருக்கும் கோபம் வரும்.

"அண்ணாச்சி, வழி விடச் சொல்லுங்க அண்ணாச்சி. இவியளுக்கு நெஞ்சு வலி. மூச்சு விட முடியல" என்று சுயம்புகனி ஆட்டோவிலிருந்து பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினாள்.

ஆதிலிங்கம் பட்டு வேட்டி கசங்காமல் பிடித்துக்கொண்டு குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். "மாப்பிள்ள காருக்கு முன்ன சீக்கு வண்டி போவக் கூடாது தங்கச்சி. இந்தா, கோவில் திருப்பம் வரைக்குந்தான். அங்க வழி விட்டுருதோம். பின்னாலயே வாங்க, ஒண்ணும் ஆவாது" என்றார்.

பின்னாலேயே போனார்கள். ஆட்டோக்காரர் அடித்த ஹாரனைக் கொண்டாட்டத்துக்கு அடிப்பதாக நினைத்து ரெண்டு பேர் அதற்கும் சேர்த்து ஆடினார்கள். கோவில் திருப்பத்திலும் சரவெடி வெடித்தது, அது முடிந்ததும் இன்னொரு சரவெடி வெடித்தது, அந்தப் புகை கலைந்து வழி கிடைத்தபோது பட்டுராஜ் அவள் மடியில் செத்துப்போயிருந்தான்.

ஊர் என்ன சொல்லும்? ஆயுசு அவ்வளவுதான் என்றது. முன்னால் போயிருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்றது. ஆதிலிங்கம் பெரிய மாலையாக ஒன்று கொண்டுவந்து போட்டுவிட்டு, "நேரம்" என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போனார். கருமாதி முடிந்த மறுநாளே ஆள் அனுப்பி டிவிடி எப்போது ரெடியாகும் என்று கேட்டார், கேட்டதோடு ஒரு படத்தையும் கொடுத்தனுப்பினார், டிஸ்க்கின் மேல் ஒட்டுகிற ஸ்டிக்கரில் மாப்பிள்ளை பொண்ணு படம் சின்னதாகவும் தன் படம் பெரிதாகவும் கும்பிட்ட கையோடு வர வேண்டும் என்பது உத்தரவு. சுயம்புகனி அந்தப் பேப்பர் ஸ்டிக்கரை அடித்து, திருநெல்வேலியில் எடிட்டிங் முடித்து வந்திருந்த டிஸ்க்கின் தலையில் ஒட்டி, காப்பி எடுக்க உள்ளே தள்ளினாள். அதன்பிறகு நடந்ததைத்தான் முதலில் சொன்னேன்.

இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டென்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியிருக்கவில்லை. கடைக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், ஆதிலிங்கம் பஜாரைக் குறுக்கே கடக்க ஒரு காலைத் தூக்குவார், திரையில் காப்பி ஓடுகிற பச்சைக் கோடு நிற்கும், அவர் காலை ஊன்றுவார், கோடு ஒரு மயிரிழை நகரும். சுயம்புகனி பொறுத்திருந்து ஒரு தடவை காப்பியை நிறுத்தி வைக்கிற பட்டனை அமுக்கிப் பார்த்தாள், ஆதிலிங்கம் தூக்கிய கால் தூக்கியபடி நடு பஜாரில் நின்றார், ஒரு நாய் வந்து அந்தக் காலை முகர்ந்துவிட்டுப் போனது, அவள் திரும்ப அமுக்கினாள், கால் இறங்கியது. புருஷன் செத்த பிறகு அவள் முதல் தடவையாக ஒரு டீ வாங்கி ருசித்துக் குடித்தாள்.

இரண்டொரு நாளில் ஊருக்கும் தெரிந்துவிட்டது. யாரும் அதிசயப்படவில்லை, அதிசயப்பட நேரமில்லாத அளவுக்கு ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். டிரைவுக்குள் ஊதச் சொன்னார் பலசரக்குக் கடைக்காரர். அடியில் பிரஷ் வைத்த கிளீனிங் சிடியைக் கொண்டுவந்து கொடுத்தார் ரேஷன் கடை எழுத்தர். உள்ளே போகிற பட்டை ஒயரை மாற்றச் சொன்னார்கள், கம்ப்யூட்டரை வாசலைப் பார்த்துத் திருப்பி வைக்கச் சொன்னார்கள், பூசாரி வந்து சிபியூவுக்குத் திருநீறு பூசினார், காற்று போகிற ஓட்டையில் கொஞ்சம் உள்ளேயும் விழுந்துவிட்டது. கரண்ட் போனாலும் டிஸ்க் சுற்றுவது நிற்கவில்லை, கரண்ட் ஆபீஸிலிருந்து வந்தவர் மீட்டரை ரெண்டு தட்டுத் தட்டிவிட்டு, எங்கள் பக்கம் குறையில்லை என்று சொல்லிப் போய்விட்டார்.

கடைசியில் தூத்துக்குடியிலிருந்து எட்வின் என்கிற கம்ப்யூட்டர் மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவன் கவரைக் கழற்றி, லென்ஸை மெல்லிய துணியால் துடைத்து, டிவைஸ் மேனேஜரைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அக்கா, மொதத் தப்பு இந்த ஸ்டிக்கரு. பேப்பர் ஒரு பக்கம் கனக்கு. டிஸ்க்கு வேகமாச் சுத்துனா ஆடும், ஆடுனா வாசிக்கதுல பிழை வரும். பிழை வரவர இந்தக் கம்ப்யூட்டரு எண்ணி வச்சுக்கிடும். கொஞ்சம் சேந்ததும் டிரைவோட வேகத்த ஒரு படி கீழ எறக்கிப் போடும். இன்னும் பிழை வந்தா இன்னும் ஒரு படி. இப்ப கடைசிப் படியில நிக்கி."

"ஸ்டிக்கர எடுத்துட்டா சரியாப் போவுமா?"

"அதான் இல்ல. இதுக்கு ரோசம் சாஸ்தி. நீங்க ஸ்டிக்கர எடுங்க, லென்ஸத் தொடைங்க, ஒயர மாத்துங்க, எல்லாம் சுத்தமான பொறவும் அது தானா மேல ஏறாது. எண்ணி வச்சத மறக்காது. இந்தா, டிரைவ் மாட்டியிருக்க இந்தச் சேனல அன்இன்ஸ்டால் பண்ணிட்டு ரீஸ்டார்ட் பண்ணணும். அப்ப டிரைவப் புதுசாப் பாக்க மாதிரிப் பாக்கும், வேகம் வந்துரும். பண்ணிரவா?"

சுயம்புகனிக்கு அந்தக் கம்ப்யூட்டரின் மேல் அன்றுதான் பாசமே வந்தது. நடந்த தப்பை ஒவ்வொன்றாக எண்ணி வைத்துக்கொண்டு, காரணம் எல்லாம் போன பிறகும் மனசு மாறாமல் இருக்கிற ஒரு ஜீவன் இந்த ஊரில் தன்னைத் தவிர இன்னொன்று இருக்கிறதே என்று அதன் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"வேண்டாம். மூடிப் போடு" என்றாள்.

ஊரைப் பற்றி என்ன சொல்ல. எதையும் பழகிக்கொள்கிற ஊர் அது. பஸ்ஸில் ஊர்வலத்து ஆள் ஒருத்தர் ஏற ஆரம்பித்தால் டிரைவர் இறங்கிப் போய் டீ குடித்து, பேப்பர் படித்து, வீட்டுக்கும் ஒரு நடை போய்விட்டு வருவார், அவர் வரும்போது ஏறுகிறவருடைய இரண்டாவது கால் படியில் இருக்கும். ரேஷன் கடையில் தனி வரிசை போட்டார்கள். வடையை எடுத்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் காக்கா பறித்துவிடுவதால் சாப்பாட்டுப் பந்தியில் அவர்களுக்குப் பக்கத்தில் விசிறியோடு ஆள் நின்றது. சலூன்காரர் மட்டும் சந்தோஷப்பட்டார், சேவிங் செய்யும்போது இப்படி அசையாமல் இருக்கிற கூட்டத்தை அவர் தொழிலிலேயே பார்த்ததில்லை. மெதுவானவர்கள் என்று சொல்வது மரியாதையில்லை என்று ஊர் கூடிப் பேசி, அவர்களுக்கு நிதானத்தார் என்று பெயர் வைத்தது.

மாப்பிள்ளைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த சொர்ணா ஊர்வலத்தில் வராதவள், அதனால் வேகம் குறையாதவள், ஒருநாள் கடைக்கு வந்து கவுண்டரில் கையை ஊன்றி நின்றாள். அழுவாள் என்று நினைத்து சுயம்புகனி மனசைக் கல்லாக்கி வைத்திருந்தாள்.

"அக்கா, இத அவசரப்பட்டுச் சரி பண்ணிராதிய" என்றாள் சொர்ணா. "எங்க மாமியா என்ன ஒரு வசவு வைய ஆரம்பிச்சா, மொத வார்த்த முடியதுக்குள்ள நான் தொவச்சுக் காயப்போட்டு அம்மா வீட்டுக்கும் போயிட்டு வந்துருதேன். இப்படி ஒரு மாமியா யாருக்குக் கெடைக்கும்?"

சுயம்புகனிக்குச் சிரிப்பு வந்தது, சிரித்த கையோடு கோபமும் வந்தது. தான் போட்ட தண்டனை யாருக்கோ வசதியாகப் போகிறதே என்பது அவளுக்கு அன்றுதான் முதலில் உறைத்தது.

அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். ஆதிலிங்கம் வாயால் ஒரு பதில். அன்றைக்கு ஏன் வழி விடவில்லை, கோவில் திருப்பத்தில் விடுகிறேன் என்று சொல்லிவிட்டு அங்கேயும் ஏன் விடவில்லை, இதற்கு நாலு பேர் கேட்க ஒரு பதில். அவள் அவரை பஜாரில் மடக்கிக் கேட்டாள், கோவில் வாசலில் கேட்டாள், மண்டியில் போய் நின்று கேட்டாள். ஒவ்வொரு தடவையும் ஆதிலிங்கம் தலையை அவள் பக்கம் திருப்பி, "அ…" என்று ஆரம்பிப்பார். அது என்று சொல்ல வருகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த 'அ' போய்க்கொண்டே இருக்கும், கூடியிருந்தவர்கள் வெயில் தாங்காமல் ஒதுங்குவார்கள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போவார்கள், மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போவார்கள், கடைசியில் அவளும் அவருமாக நிற்பார்கள், அவரும் அந்த 'அ'வை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்ப ஆரம்பிப்பார். சாப்பிடும்போதும் கணக்குப் பார்க்கும்போதும் இவ்வளவு மெதுவு இல்லை. அவள் கேள்விக்கு மட்டும் மனுஷன் தன் மெதுவோடு இன்னும் கொஞ்சம் மெதுவைச் சேர்த்துக்கொள்கிறார் என்பதை அவள் கண்டுகொண்டாள்.

"பாத்தியளா, வேணும்னே இழுக்காரு" என்று அவள் சுற்றிலும் நிற்கிறவர்களிடம் சொன்னால், "பெரிய மனுசன் யோசிச்சுப் பேசுதாரு, பொறும்மா, சொல்லாமயா போயிருவாரு" என்பார்கள்.

பொறு என்கிற வார்த்தையைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலைந்து வருஷம் அப்படிப் போனது. அதற்குள் ஊர் செய்த வேலையை நினைத்தால் எனக்கே பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. ஒருத்தன் மெதுவாக நடந்தால் கம்பீரம் என்றார்கள், மெதுவாகப் பேசினால் ஞானம் என்றார்கள். வரப்புத் தகராறு, ஓடைத் தகராறு எல்லாவற்றையும் ஆதிலிங்கத்திடம் கொண்டுபோனார்கள், அவர் இரண்டு பக்கத்தையும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் சண்டை போட்டவர்கள் அலுத்துப்போய் ராசியாகி வீட்டுக்குப் போனார்கள், நியாயஸ்தர் என்று பெயர் வந்தது. வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து அவர் கண் இமைப்பதைப் பார்த்துவிட்டுக் கும்பிட்டுப் போனார்கள். ஊர்வலத்துக்கு வராமல் போனோமே என்று ஏங்கின வீடுகள் உண்டு, இளவட்டங்கள் வேண்டுமென்றே மெதுவாக நடந்து பழகினார்கள். இதெல்லாம் போதாதென்று நிதானத்தார் யாருக்கும் ஒரு முடிகூட நரைக்கவில்லை. ஆதிலிங்கத்தின் மீசை கல்யாணத்தன்று மை தீட்டியபடியே கருகருவென்று இருந்தது, சுயம்புகனிக்கு முன்தலை வெளுத்துவிட்டது.

உச்சமாக, அவரை அம்மன் கோவில் தர்மகர்த்தாவாக்குவது என்று ஊர்க்கூட்டம் போட்டு முடிவெடுத்தார்கள், அந்தக் கூட்டத்திலேயே இன்னொன்றும் முடிவானது. சுயம்புகனி கடைக் கம்ப்யூட்டரை யாரும் ரிப்பேர் பார்க்கக் கூடாது, அவளும் பார்க்கக் கூடாது, அது ஊருக்குச் சொந்தமான நிதானம்.

அன்று கடையில் உட்கார்ந்து அவள் நன்றாக யோசித்தாள். தான் அவருக்குக் கொடுத்தது தண்டனையில்லை, ஒளிந்துகொள்ள ஓர் இடம் என்பது அவளுக்கு விளங்கியது. எந்தக் கேள்விக்கும் உடனே பதில் சொல்ல வேண்டாத சுகம், தப்புக்குப் பக்கத்தில் வருஷக்கணக்காக வந்துகொண்டே இருந்து தப்பைத் தொடாமலே இருக்கிற சுகம், அத்தனையும் தன் கடையிலிருந்தே அவருக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அவள் தன் தலையிலேயே ஓர் அடி அடித்துக்கொண்டாள். பிறகு தேங்காய் எண்ணெய் பாட்டிலையும், நிமிர்த்திய ஒரு ஜெம் கிளிப்பையும் எடுத்துக் கவுண்டரில் வைத்துவிட்டு, பதவி ஏற்கிற நாளுக்காகக் காத்திருந்தாள்.

விழா பகலில், கோவிலுக்கு முன்னால், கடைக்கு நேர் எதிரே பந்தல் போட்டு நடந்தது. முன்வரிசை முழுக்க நிதானத்தார். பொண்ணு வீட்டுச் சம்பந்திகள் வந்திருந்தார்கள், பக்கத்து ஊர்ப் பெரியவர்கள் வந்திருந்தார்கள், ஊர் ஒருத்தர்கூட மிச்சமில்லாமல் உட்கார்ந்திருந்தது, சாப்பாடு இருந்ததால் யாரும் எழுந்து போகவும் மாட்டார்கள். மாலையும் பரிவட்டமுமாக ஆதிலிங்கம் மைக்குக்கு முன்னால் வந்து நின்றதும் சுயம்புகனி பந்தலுக்குள் நடந்து வந்து மேடைக்குக் கீழே நின்றாள்.

"அண்ணாச்சி, தர்மகர்த்தா ஆவுதிய, சந்தோசம். மொதல்ல எனக்கு நியாயம் சொல்லுங்க. அன்னைக்குக் கோவில் திருப்பத்துல ஏன் வழி விடல?"

கூட்டம் முணுமுணுத்தது. "நல்ல காரியத்துல வந்து நிக்காளே" என்றது ஒரு குரல். ஆதிலிங்கம் பெருந்தன்மையோடு கையைத் தூக்க ஆரம்பித்தார், தூக்கிக்கொண்டே மைக்கில், "அ…" என்றார். ஒலிபெருக்கி அதை ஊர் முழுக்கக் கொண்டுபோனது.

"சொல்லுதாரு பாத்தியா, போய் ஒக்காரு" என்றார்கள்.

"நீங்க ஒக்காருங்க, இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டு அவள் கடைக்குத் திரும்பி நடந்தாள்.

டிரைவின் முகத்தில் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை உண்டு, திறக்க மறுக்கிற தட்டை வெளியே இழுப்பதற்காக வைத்தது. ஜெம் கிளிப்பை அதில் விட்டு அழுத்தினாள். தட்டு வெளியே வந்தது. வெளியே ஆதிலிங்கம் அப்படியே நின்றுபோனார், ஒலிபெருக்கியில் சத்தம் அறுந்தது, ஆனால் வாயைத் திறந்தபடி நிற்பது அவருக்கு வழக்கம்தான் என்பதால் ஒருத்தரும் வித்தியாசமாக நினைக்கவில்லை. அவள் டிஸ்க்கின் மேலே கும்பிட்டுக்கொண்டிருந்த அவர் முகத்தில் தேங்காய் எண்ணெயை ஊற்றி, ஊறவைத்து, நகத்தால் ஓரத்தைக் கிள்ளி உரித்தாள். மீசை ஒரு துண்டாக வந்தது, நெற்றி ஒரு துண்டாக வந்தது. கும்பிட்ட கை மட்டும் கொஞ்சம் அடம்பிடித்தது. பசை போகத் துடைத்து, லென்ஸையும் துடைத்து, எட்வின் காட்டிக்கொடுத்த இடத்துக்குப் போய் அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்தாள். கம்ப்யூட்டர், நிச்சயமாகவா என்று கேட்டது. ஆமாம் என்று அமுக்கினாள்.

"நீ மறந்துக்கோ. நான் மறக்க மாட்டேன்" என்று அதனிடம் சொல்லிவிட்டு ரீஸ்டார்ட் செய்து, டிஸ்க்கைப் போட்டு, காப்பி பட்டனைத் தட்டினாள்.

டிரைவ் ஒரு கணம் யோசித்தது. பிறகு அது சுற்றிய வேகத்தில் மேஜை அதிர்ந்தது, பச்சைக் கோடு பாய்ந்தது, கோவில் பந்தலில் ஆதிலிங்கத்தின் தூக்கிய கை சாட்டை மாதிரி இறங்கியது, வருஷக்கணக்காகத் தொண்டையில் நின்ற பதில், யோசிக்கவோ நிறுத்தவோ அவருக்கு இடம் கொடுக்காமல், மூச்சு விடாமல் மைக்கில் கொட்டியது.

"அது வந்து தங்கச்சி நான் பாத்தேன் குனிஞ்சு பாத்தேன் பட்டுராஜுக்கு மொகம் நீலமாப் போயிருந்துச்சு இது பொழைக்காதுன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு முன்னால விட்டா போற வழியில உயிர் போவும் மாப்பிள்ள காருக்கு முன்ன பொணம் போச்சுன்னு ஊரு சொல்லும் சம்பந்தி வீட்டுல கலியாணத்த நிப்பாட்டிருவாவ பின்னால வந்தா யாரு பாக்கப் போறா திருப்பத்துல ரோடு காலியாத்தான் கெடந்துச்சு வழி விட்டுருக்கலாம் நாந்தான் இன்னொரு சரத்தப் பத்த வைங்கலேன்னு சொன்னேன் ஆட்டோவுக்குள்ள எல்லாம் முடியட்டும்னு காத்துக் கெடந்தேன் ஹாரன் சத்தம் நின்ன பொறவுதான் வழிய விடச் சொன்னேன்"

அவர் நிறுத்தவில்லை, முதலிலிருந்து திரும்பவும் ஆரம்பித்தார். முன்வரிசையில் நிதானத்தார் ஒவ்வொருத்தராகத் துள்ளி எழுந்தார்கள், எல்லோருடைய வாயும் கட்டுமீறி ஓடியது. நாந்தான் பத்த வச்சேன் என்றார் ஒரு சித்தப்பன். சரம் என் கையில இருந்துச்சு, வேண்டாம்னு சொல்ல வந்தேன், சொல்லல என்றார் தாய்மாமன். நான் கார்க் கண்ணாடியில பாத்துக்கிட்டுதான் இருந்தேன் என்று மாப்பிள்ளை கண்ணபிரான் சொன்னதைப் பக்கத்தில் நின்ற சொர்ணா கேட்டாள். சாப்பாட்டுப் பந்தலிலிருந்து சாம்பார் வாசனை வந்தும் ஊரில் ஒருத்தரும் அசையவில்லை. டிஸ்க் ஓடி முடிந்து தட்டு தானாக வெளியே வந்தபோது அவர்கள் எல்லோரும் சாதாரண வேகத்துக்குத் திரும்பி, சாதாரண வேகத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

சுயம்புகனி அழவில்லை என்று சொல்ல எனக்கு ஆசைதான். அவள் அழுதாள், கடை ஷட்டரைப் பிடித்துக்கொண்டு ஆத்திரத்தில் அழுதாள். இத்தனை வருஷமும் அவள் அதை முட்டாள்தனம் என்று நினைத்திருந்தாள், ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கிய முட்டாள்கள் என்று. முட்டாள்தனமாக இருந்திருந்தால் ஒருவேளை என்றாவது ஒருநாள் மன்னித்திருப்பாள். இனி அந்தக் கவலை அவளுக்கு இல்லை.

அன்றைக்குத் தர்மகர்த்தா பதவி யாருக்கும் கொடுக்கப்படவில்லை. சொர்ணா பெட்டியோடு பஸ் ஏறினாள், அவளைத் தடுக்க ஓடிவந்தவர்கள் இப்போது வேகமாகவே ஓடிவந்தார்கள், ஆனால் பஸ் இப்போது யாருக்காகவும் காத்திருக்கவில்லை. ஆதிலிங்கத்தின் மீசை ஒரு வாரத்தில் வெளுத்தது. அதுகூடப் பெரிதில்லை. பஜாரில் கால் வைத்தால் போதும், கருப்பட்டி வாங்க வந்தவள் கேட்டாள், பஸ் கண்டக்டர் கேட்டார், சலூன்காரர் கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு கேட்டார், "ஏன் அண்ணாச்சி அப்படிச் செஞ்சிய?" அவர் வாயைத் திறந்தால் பதில் உடனே வந்தாக வேண்டும், இழுக்க முடியவில்லை, இழுத்தால் எதிரில் நிற்கிறவர்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். பொறுமையை அவர்களுக்குப் பழக்கிவிட்டவரே அவர்தானே.

ஒருநாள் கடை திறக்கிற நேரத்தில் அவர் சுயம்புகனி முன்னால் வந்து நின்றார்.

"தங்கச்சி, அந்த டிஸ்க்க மறுபடியும் போடும்மா. முந்தி ஓடுன மாதிரி ஓட விடு."

"முந்தி அது ரிப்பேரு அண்ணாச்சி. இப்ப சரி பண்ணியாச்சுல்லா."

"கெடுத்துப் போடேன். ஒனக்குத் தெரியாததா?"

"எனக்குக் கெடுக்கத் தெரியாது. அது உங்க மொகத்த ஒட்டுனதுல கெட்டது. இப்ப ஒட்டுனாலும் இந்த டிரைவ் கெடாது, புதுசாக்கும். பழச மாத்தியாச்சு."

அவர் கவுண்டரைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சிரு. இந்த ஓட்டத்துல என்னால இருக்க முடியல. ஊரு பாக்க பார்வ தாங்க முடியல. நான் மெதுவாவே செத்துப் போறேன், அதுக்கு மட்டும் ஒரு வழி விடு."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து, எண்ணெய் மினுக்குப் போகாத அந்த டிஸ்க்கை ஒரு புது பிளாஸ்டிக் உறையில் போட்டு அவர் கையில் கொடுத்தாள்.

"இந்தாங்க. உங்க ஆர்டரு, உங்ககிட்டயே இருக்கட்டும். மெதுவா வாசிக்க டிரைவ் எங்கயாவது இருந்தா போட்டுப் பாருங்க. உடன்குடியில ரெண்டு கடை இருக்கு. கேட்டுப் பாருங்க."

ஆதிலிங்கம் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நீ நல்லா இருப்ப தாயி என்று வாழ்த்தினார். அவள் அந்த வாழ்த்தை மறுக்கவில்லை.

உடன்குடி முதல் கடையில் டிஸ்க்கை உள்ளே தள்ளியதும் அது பிரமாதமாக வாசித்தது. ஆதிலிங்கத்தின் வாய் திறந்துகொண்டது, நான் பாத்தேன் குனிஞ்சு பாத்தேன் என்று ஆரம்பித்து, போட்டோ எடுக்க வந்திருந்தவர்கள் எல்லோரும் கேட்க, இன்னொரு சரம் பத்த வைக்கச் சொன்னது வரை ஒன்று விடாமல் கொட்டிவிட்டுத்தான் ஓய்ந்தது. அதே நேரத்தில் தேரிமங்கலத்தில் அவருடைய சொந்தக்காரர்கள் சோற்றை வாயில் வைத்துக்கொண்டு பெண்டாட்டிமாரிடம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, இது புது மிஷினு, பழசு வேற எங்க இருக்கு என்று விசாரித்துக்கொண்டு இரண்டாவது கடைக்குப் போனார். அங்கேயும் சொன்னார். சாத்தான்குளத்தில் ஒரு கடையில் டிரைவ் மக்கர் பண்ணும் என்று கேள்விப்பட்டுப் பஸ் பிடித்துப் போனார், முதல் நாள்தான் மாற்றியிருந்தார்கள், சாத்தான்குளத்திலும் சொன்னார். திருச்செந்தூரில் சொன்னார், நாசரேத்தில் சொன்னார், இன்னும் போய்க்கொண்டிருக்கிறார், எங்கேயாவது ஒரு டிரைவாவது மெதுவாக இருக்கும் என்கிற நம்பிக்கை அவருக்குப் போகவில்லை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் அப்போது வீடியோ கடைகளுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு கடையிலும் டிரைவ் நன்றாகவே வேலை செய்தது.